மறு: இன்டரோசெப்ஷன் – ‘உட்புலன்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். உடம்புக்குள் நடப்பதை உணர்வதை ஆங்கிலத்தில் ‘இன்டரோசெப்ஷன்’ (interoception) என்கிறார்கள். அதற்கு ‘உட்புலன்’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘உள்ளுணர்வு’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, முதலில் இதற்கே வருகிறேன். பல ஆண்டு விளையாட்டுப் பயிற்சி மூளை உணர்ச்சிகளைக் கையாளும் விதத்தை எப்படி மாற்றுகிறது என்ற கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில் நானும் ‘உள்ளுணர்வு’ என்றுதான் போட்டேன். பழக்கமான பி.டி. மாஸ்டர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். “வீரர்களின் உள்ளுணர்வு கூர்மையானது” என்ற வரிக்கு வந்ததும், “ஆமா சார், பந்து எந்தப் பக்கம் வரும்னு முன்னாடியே தோணிடும்” என்றார். கட்டுரை சொல்வது அதுவல்ல. இதயத் துடிப்பு, மூச்சு, தாகம், வயிற்று இறுக்கம் என உடம்புக்குள்ளிருந்து மூளைக்குப் போகும் சேதிகளை உணர்வதைச் சொல்கிறது. அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

1906-இல் நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் புலனறிவை மூன்று வகையாகப் பிரித்தார்: வெளியே இருப்பதை அறிவது, கைகால் இருக்கும் நிலையை அறிவது, உள்ளே நடப்பதை அறிவது. புறப்புலன், நிலைப்புலன், உட்புலன் என்று வைத்தால் மூன்றும் ஒரே வார்ப்பில் நிற்கும்.

> ‘அகப்புலன்’ இன்னும் அழகாக இருக்குமே?

அழகுதான் அக்கா. ஆனால் ‘அகம்’ என்றதும் நமக்கு மனம் வந்துவிடுகிறது, கூடவே அகத்திணையும். இங்கே பேச்சு இதயத்தையும் குடலையும் பற்றியது. ‘மெய்ப்பாடு’ என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று. ஆனால் மெய்ப்பாடு, உள்ளே இருப்பது உடம்பில் தோன்றிப் பிறருக்குத் தெரிவது. நமக்கு வேண்டியதோ, உடம்பில் நடப்பது தனக்கே தெரிவது. திசையே வேறு.

இந்தக் கட்டுரைக்கு ‘புலன்’ ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். பயந்தால் “நெஞ்சு படபடக்குது, வயித்தைக் கலக்குது” என்கிறோம். பயத்தை உடம்பின் பேச்சாகத்தான் சொல்கிறோம். மூளையில் அந்தப் பேச்சு வந்து சேரும் முக்கியமான இடம் இன்சுலா. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் பகுதி அது. லத்தீனில் ‘தீவு’ என்று பொருள். மூளை ஆய்வாளர் மார்ட்டின் பாலஸின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சாகச நெடும்பந்தய வீரர்களை ஸ்கேனில் படுக்கவைத்து, மூச்சை உள்ளிழுப்பதைச் சிரமமாக்கிப் பார்த்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் வீரர்களின் வலப்பக்க இன்சுலா அதற்குக் குறைவாகவே பதறியது. (பயிற்சி அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள்தான் அந்தப் பந்தயத்துக்கு வருகிறார்களா என்பதை இந்த ஒப்பீடு மட்டும் தீர்க்காது. கட்டுரையிலும் அதை எழுதிவிட்டேன்.)

அந்த மாஸ்டரிடம் நாலு வருடமாக 800 மீட்டர் ஓடும் பெண் ஒருத்தி இதை ஒரே வரியில் சொன்னாள். இரண்டாவது சுற்று முடித்து, முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றபடியே: “முன்னெல்லாம் மூச்சு முட்டினா பயமா இருக்கும் சார். இப்ப மூச்சு முட்டுது, அவ்ளோதான்.” சேதி முன்போலவே வருகிறது. அதோடு பயம் ஒட்டிக்கொண்டு வரவில்லை. இதனால்தான் ‘உணர்ச்சிக் கட்டுப்பாடு’ என்ற சொல்லையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். அவள் எதையும் அடக்கவில்லையே!

சரி, இனி உங்கள் உதவி வேண்டும். கையால் நாடி பிடிக்காமல் துடிப்பை எண்ணச் சொல்லி, கருவியின் கணக்கோடு ஒப்பிடும் சோதனையை 1981-இல் உளவியலாளர் ஷாண்ட்ரி வெளியிட்டார். அதில் கிடைப்பதை ‘உட்புலன் துல்லியம்’ எனலாம். ‘எனக்கு நன்றாகத் தெரியும்’ என்று ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பது வேறு, ‘உட்புலன் தன்மதிப்பீடு’. அந்த நினைப்பும் உண்மைத் துல்லியமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது மூன்றாவது. இதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ‘உட்புலன் தெளிவு’ என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. அக்கா, ஐயா, வேறு ஏதாவது தோன்றுகிறதா?