பரணில் இரண்டு மூட்டை மிச்ச உல்லன் நூல், போர்வை பின்னிக் கொடுக்கலாமா?

பரண்நூல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியார் போன வருடம் தவறிவிட்டார். மாமனாரின் வேலை காரணமாக முப்பது வருடம் டெல்லியில் இருந்தவர், அங்கே குளிருக்குப் பின்னக் கற்றுக்கொண்டு, கோவைக்கு வந்த பிறகும் கையை நிறுத்தவில்லை. பரணைச் சுத்தம் செய்தபோது இரண்டு கோணிப்பை நூல் கிடைத்தது. ஒன்றில் எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு என்று மிச்ச உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டாத நிறங்கள். இன்னொன்றில் பிள்ளைகளின் பழைய ஸ்வெட்டர்கள், பிரித்துத் திரும்பப் பின்னலாம் என்று எடுத்து வைத்திருப்பார் போல. தூக்கிப்போட மனம் வரவில்லை. கோத்தகிரி பக்கம் ஒரு முதியோர் இல்லம் தெரியும், அவர்களுக்குப் போர்வையாகப் பின்னிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்குக் கிரானி ஸ்கொயர் (கொக்கி ஊசியால் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் போடும் ஓட்டை ஓட்டையான சதுரம்) போடத் தெரியும், அதற்கு மேல் யூடியூப்தான். ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு, எது கம்பளி, எது அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்றும் தெரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொக்கி ஊசி

முதலில் நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள், எல்லோரும் செய்யும் தப்பு அது. நூல் என்ன நூல் என்று பார்த்துப் பிரியுங்கள். நம் ஊரில் கடைக்காரர் முதல் எல்லோரும் 'உல்லன்' என்றுதான் சொல்வோம், ஆனால் வர்தமான், ஓஸ்வால் என்று லேபிள் போட்டு வரும் உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். லேபிள் போய்விட்டதால் எரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். அசல் கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரியும், ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி போல நிற்கும். பருத்தி காகிதம் எரிவது போல எரியும். நாற்றமும் வந்து மணியும் வந்தால் கலப்பு நூல்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே போர்வையில் சேர்த்தால் முதல் சலவையிலேயே வேலை காட்டிவிடும். இல்லங்களில் யாரும் குளிர்ந்த தண்ணீரில் ஷாம்பு போட்டு அலசிக்கொண்டிருக்க மாட்டார்கள், வெந்நீரும் மெஷினும்தான். கம்பளிச் சதுரம் சுருங்கும், பக்கத்துச் சதுரம் அப்படியே இருக்கும், போர்வை அப்பளம் போல வளைந்துவிடும். அதனால் அக்ரிலிக்கை மட்டும் போர்வைக்கு எடுங்கள். கம்பளியைத் தனியாக வையுங்கள், கையால் துவைக்கும் யாருக்காவது குல்லா, மஃப்ளர் பின்னலாம்.

தடிமன் பற்றிக் கேட்டீர்களே, மெல்லிசு நூலை இரண்டு இழையாகச் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் தடிமன் நூலுக்குக் கிட்டத்தட்ட சமமாகிவிடும். அதற்கப்புறமும் வித்தியாசம் இருக்கும். கெட்டி அட்டையில் 6 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றை எண்ணாதீர்கள், அட்டையில் வைத்துப் பாருங்கள். ஒரு நூலுக்கு நான்கு சுற்றில் வரும், இன்னொன்றுக்கு ஐந்து. 6க்கு 8 என்று 48 சதுரம் சேர்த்தால் 36க்கு 48 அங்குலம், மடியில் போர்த்திக்கொள்ளச் சரியான அளவு. நான் பின்னியவரை அதற்கு அறுநூறு கிராம் சுமாருக்கு நூல் இழுத்தது.

நீலமலை

ஸ்வெட்டர் பிரிப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் கை வெந்தவள் நான். எல்லா ஸ்வெட்டரும் பிரியாது. உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். பனியன் மாதிரி ஓவர்லாக் அடித்திருந்தால் துணியாக வெட்டித் தைத்தது, பிரித்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துண்டாகக் கையோடு வரும், முழம் நூல் கூடத் தேறாது. பின்னல் விளிம்பு முழுசாக இருந்து, இரண்டையும் சேர்த்துக் கோத்த மாதிரி இருந்தால் அதிர்ஷ்டம். உங்கள் மாமியார் கையால் பின்னியது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தையலை மட்டும் அறுத்துக் கை, முதுகு, நெஞ்சு என்று தனித்தனியாக எடுங்கள். அப்புறம் கழுத்துப் பக்கமிருந்து பிரியுங்கள். கீழ் பார்டரிலிருந்து மேலே பின்னிக்கொண்டு போவதுதான் வழக்கம், அதனால் முடித்த இடமான மேலிருந்துதான் சரசரவென்று வரும். கீழே ஆரம்பித்து நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன்.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். அப்படியே பின்னிவிடாதீர்கள், துவைத்ததும் நீண்டு அளவு மாறும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். அப்போதே வெள்ளைத் துணி ஒன்றால் நூலை அழுத்திப் பாருங்கள், மெரூன், கருநீலம் எல்லாம் சாயம் விடும் ஆட்கள்.

பரணில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாரா? போட்டிருந்தால் வாசனை போகும்வரை நாள்கணக்கில் காற்றாட விட்டுத் துவைக்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம், பச்சைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணு சிதைந்து காமாலை வந்துவிடும்.

சும்மாகேக்கறேன்

தப்பாக நினைக்க வேண்டாம். பானிபட்டில் பழைய கம்பளித் துணியைக் கிழித்து நூலாக்கி, அதிலேயே போர்வை நெய்து தள்ளுகிறார்கள். அதுவும் மறுசுழற்சிதான், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீங்கள் ஒரு மாதம் உட்கார்ந்து ஒன்று பின்னுவதற்குள், அந்த நேரத்துக்கான காசில் பத்துப் போர்வை வாங்கிக் கொடுத்துவிடலாமே?

கொக்கி ஊசி

நியாயமான கேள்விதான், தம்பி. குளிரில் நூறு பேர் நடுங்குகிறார்கள் என்றால் நானும் பானிபட் போர்வைதான் வாங்குவேன், கொக்கியைத் தொட மாட்டேன். ஆனால் இவர் நூலைக் காசு கொடுத்து வாங்கவில்லை, கிடைக்கும் நேரத்திலும் யாரும் இவருக்குச் சம்பளம் தரப்போவதில்லை. தவிர, கட்டில் அளவுப் போர்வைதான் சந்தையில் மலிவு. சக்கர நாற்காலிக்குப் பொருந்தும் அளவு வேண்டுமென்றால் பின்னித்தான் ஆக வேண்டும்.

மைலாப்பூர் மாமி

நான் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். நாலு வருடம் முன்னால் ஒரு மருத்துவமனைக்கு, பெயர் வேண்டாம், குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு என்று பன்னிரண்டு குட்டிப் போர்வை பின்னி எடுத்துப் போனேன். கிரானி ஸ்கொயர்தான், ஓரத்தில் குஞ்சம் வேறு. நர்ஸ் ஒருத்தி பதினைந்து நிமிடம் நிற்கவைத்துவிட்டு, ஓட்டையில் விரல் மாட்டும், குஞ்சம் வாயில் போகும், வாங்க முடியாது என்று அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சொன்ன விதம் எனக்கு ஆறவில்லை, ஆனால் சொன்ன விஷயம் சரிதான். முன்னாடியே போன் போட்டுக் கேட்டிருந்தால் ஓட்டையில்லாமல் நெருக்கமாகப் பின்னியிருப்பேன்.

ஆகவே பரண்நூல், கொக்கியை எடுப்பதற்கு முன் அந்த இல்லத்துக்குப் போன் போடுங்கள். பெரியவர்களுக்கும் ஓட்டையில் கால்விரல் மாட்டும். நூல் நுனியை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவது எல்லாம் ஆறு மாதம் தாங்காது. ஆறு அங்குலம் விட்டு, ஊசியில் கோத்து, போய்த் திரும்பி மறுபடி போய் என்று மூன்று தடவை உள்ளே செருகுங்கள். மிச்ச நூல் போர்வையில் பாதி வேலை இந்த நுனி செருகுவதுதான், அதை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை.

இன்னொன்று, அக்கம்பக்கத்தவர்களைச் சேர்த்துக்கொண்டால் எல்லோரும் ஒரே கணக்கா என்று கேளுங்கள். குரோஷே, அதாவது கொக்கிப் பின்னலில், ஒரே கண்ணிக்கு இரண்டு பெயர் உண்டு: அமெரிக்க முறையில் டபுள் குரோஷே என்பதுதான் பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள். ஒருத்தி ஒன்றைப் போட இன்னொருத்தி மற்றதைப் போட்டால் சதுரங்கள் சேராது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை போட்டு கின்னஸில் ஏறியது ஞாபகம் இருக்கும். தனித்தனிப் போர்வைகளாக வந்ததை ஒன்றாக இணைத்துவிட்டு, அப்புறம் பிரித்துத் தானமாகக் கொடுத்தார்கள். யார் யாரோ வீட்டில் உட்கார்ந்து பின்னியது சேர்ந்தது என்றால், அளவைக் கறாராக வைத்திருந்ததால்தான்.

பரண்நூல்

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாமி சொன்னபடி முதலில் போன் போட்டேன், நல்லவேளை. கட்டில் போர்வை அவர்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறதாம். சாயங்காலம் வராந்தாவில் உட்காரும்போது மடிமேல் போட ஒன்று, தோளில் போட ஒன்று, இதுதான் இல்லை என்றார்கள். குஞ்சம் கூடாது, சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அகலம் 36 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பேச்சின் கடைசியில், எல்லாம் பல நிறத்தில் கோமாளித்தனமாக இருக்குமே பரவாயில்லையா என்று தயங்கிக் கேட்டேன். அதுதான் வேண்டும் என்றார்கள்! ஒரே மாதிரி வாங்கிவிட்டால் சலவையிலிருந்து வந்ததும் எது யாருடையது என்று தினமும் சண்டையாம்.

எரித்துப் பார்த்ததில் உருண்டைகள் முக்கால்வாசி அக்ரிலிக். ஸ்வெட்டர்கள் பதினொன்றில் ஏழு பிரிந்தன. கிரானி ஸ்கொயரை விட்டுவிட்டு, நடுவில் ஓட்டை விழாத நெருக்கமான சதுரம் ஒன்றைப் பழகிக்கொண்டேன், நூல் கூடத்தான் தின்கிறது. நான்கு மடிப்போர்வை முடிந்து, ஐந்தாவதற்கு நுனி செருகிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பார்டர் வேறு நிறம். நாற்காலியில் உட்கார்பவர்கள் பதினாறு பேர், என்னிடம் பார்டருக்குத் தேறும் அடர் நிறம் பன்னிரண்டுதான். கோவையில் யாரிடமாவது அக்ரிலிக்கில் மஞ்சள், கிளிப்பச்சை, காவி மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். மெரூன் வேண்டாம், என்னுடையது மூன்றாவது அலசலிலும் சாயம் விடுகிறது.

நீலமலை

கிளிப்பச்சை இருக்கிறது, தேங்காய் அளவில் இரண்டு. அடுத்த வாரம் கோவை வருகிறேன். உள்பெட்டியில் செய்தி போட்டிருக்கிறேன், பாருங்கள்.