புதுப்பிப்பு: புளியரை ஏற்றத்தில் நின்றுபோன பழைய டீசல் வேன்
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும்போது புளியரை எஸ் வளைவில் வண்டி திணறி நிற்கிறது, டீசலை ஏற்றிவிடும் கைப்பம்பு அடித்தால்தான் கிளம்புகிறது என்று கேட்டிருந்தேன். என்ஜினுக்கு டீசல் அடிக்கிற பெரிய பம்பைக் கழற்றச் சொன்னவர்களே அதிகம், அதற்கெல்லாம் கையில் காசில்லை. தென்காசி அண்ணாச்சி சொன்னதுதான் சரி: டீசல் லைன் காற்று இழுக்கிறது, அதனால் என்ஜினுக்கு டீசல் சரியாகப் போகவில்லை.

அவர் சொன்னபடி பில்டருக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபைச் சோதனைக்கு மட்டும் மாட்டி என்ஜினை ஓடவிட்டால், டீசலோடு பொடிப்பொடியாகக் குமிழி வருகிறது. கிளிப்புக்கு அடியில் ரப்பர் ஹோஸ் முடியளவு வெடித்திருந்தது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் காற்றுதான் உள்ளே போகும், வெளியே சொட்டுக்கூட ஒழுகவில்லை, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. ஹோஸ், கிளிப், செம்பு வாஷர் மாற்றியதோடு சரி. அப்புறம், எதிர்பாராத ஒன்று: காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்ததும் நின்றுவிட்டது. காய்கறி லோடோடு கேரள எல்லையில் இருக்கிற கோட்டவாசல் வரை நிற்காமல் ஏறுகிறது.