இரண்டு குழி, இரண்டு பதில்: எதை நம்புறது?

கேள்வி

வணக்கம். சூரிச்சில இருக்கிறன். ஸ்கீ டூர், எண்டா ஸ்கீயோட பனிமலை ஏறி இறங்குறது, போகத் தொடங்கி இது நாலாவது மாரி. போன ஞாயிறு என்னோட வேலை செய்யிற ரெண்டு பேரோட தாவோஸ் பக்கம் டிஷ்மா பள்ளத்தாக்குக்குப் போனனான். பனிச்சரிவு (மலையில பனி இடிஞ்சு விழுறது) அறிக்கையில அபாயம் 5இல 3. பிரச்சினை அடியில ஒட்டாமக் கிடக்கிற பழைய பனி, 2200 மீற்றருக்கு மேல வடக்குப் பார்த்த சரிவுகளில. நாங்கள் இறங்க நினைச்சதும் வடக்குச் சரிவுதான். வரைபடத்தில செம்மஞ்சள் நிறம், எண்டா 35 பாகைக்கு மேல.

மேல போய், பனிப்படை தாங்குமோ எண்டு பார்க்கக் குழி வெட்டினனாங்கள். 90 சென்ரிமீற்றர் அகலம், 30 உள்ளுக்கு, அந்தளவு பனியைத் தூணாத் தனியாக்கி, சவள் அலகை மேல வச்சுத் தட்டினம். மணிக்கட்டால 10 தட்டுக்கு ஒண்டுமில்லை. முழங்கையால நாலாவது தட்டில தூண் இந்தக் கரையிலயிருந்து அந்தக் கரைவரை ஒரே கோடாய் வெடிச்சு, மேல்துண்டு அப்பிடியே வழுக்கி என்ர முழங்காலில வந்து விழுந்துது. கீழ இருந்த பனியைக் கையுறையில அள்ளினன். சீனி மாதிரிச் சொரியுது, உருண்டை பிடிக்க ஏலேல்லை.

முப்பது மீற்றர் தள்ளி இன்னொரு குழி. அங்க மணிக்கட்டு, முழங்கை, தோள் எண்டு 30 தட்டும் தட்டி முடிஞ்சுது, வெடிப்பு ஓடேல்லை. "ரெண்டாவது நல்லாத்தானே இருக்கு, இறங்குவம்" எண்டார் ஒருத்தர். நான் மாட்டன் எண்டு சொல்லி, வந்த தடத்தாலயே எல்லாரையும் திருப்பிக் கொண்டு வந்திட்டன். அதுக்குப் பிறகு அவர் என்னோட சரியாக் கதைக்கேல்லை. நான் செய்தது சரியோ?

பதில் 1

தம்பி, நூற்றுக்கு நூறு சரி. 14ஆவது தட்டில வெடிப்பு முழுத்தூணும் ஓடினது கடும் எச்சரிக்கை. ரெண்டாவது குழி அதை அழிக்காது. ஒரே சரிவில கல் இருக்கிற இடம், காத்து அள்ளின இடம், பள்ளம் எண்டு பனியின்ர தடிப்பு மாறிக்கொண்டே போகும். நீங்கள் நல்ல இடத்தில குழி வெட்டி, மெலிஞ்ச இடத்தில ஸ்கீயை வச்சா முடிஞ்சுது.

அந்தச் சீனிப் பனி எப்பிடி வந்தது தெரியுமோ? மாரி துடக்கத்தில பனி கொஞ்சமாத்தான் கிடக்கும். நிலத்தடியில சூடு கிட்டத்தட்ட 0 பாகை, மேல முகில் இல்லாத இரவில கடுங்குளிர். அந்த வித்தியாசத்தில நீராவி கீழயிருந்து மேல ஏறி, குருணிகளைக் கோணல் கோணலான பளிங்காக்கிப்போடும். ஒண்டோட ஒண்டு ஒட்டாது. தாவோஸ் இருக்கிற கிறவுபுண்டன் மாநிலத்தில உள்மலைப் பக்கம் பனி குறைவு, அதால அந்தப் படை கிழமைக்கணக்கில அப்பிடியே கிடக்கும். மேல விழுற புதுப்பனி பலகையா இறுகினா ஷ்னேபிரெட்டுக்கு, எண்டா பலகை மாதிரி உடைஞ்சு வழுக்கிற பனிச்சரிவுக்கு, எல்லாம் தயார்.

என்ர வழக்கம்: குழியை "வேண்டாம்" எண்டு சொல்ல மட்டும் விடுவன், "போ" எண்டு சொல்ல விடமாட்டன். 3 எண்டா 35 பாகைக்குக் கீழ, அதுவும் தடத்தை மட்டுமில்லை, முழுச் சரிவையும் பார்த்து. நீங்கள் வீட்டிலயே வரைபடத்தைப் பார்த்து அந்தச் சரிவை விட்டிருக்கோணும்.

பதில் 2

நான் கோயம்புத்தூர், இப்போ லொசான்ல இருக்கேன். ஒரு கேள்வி: ஏறும்போது காலுக்குக் கீழே "வும்"னு ஏதாவது சத்தம் கேட்டுச்சா? இந்தக் கேள்வியை யாருமே கேட்கலையே. அப்புறம் மூணு பேரும் எல்விஎஸ் (பனியில புதைஞ்சவரைத் தேடுற சிக்னல் கருவி) வச்சுத் தேடிப் பழகியிருக்கீங்களா? புதைஞ்சவரை 10 நிமிஷத்துக்குள்ள எடுத்தா பத்துல ஒன்பது பேர் பிழைக்கிறாங்க. அரை மணி நேரம் ஆனா மூணு பேர்தான். ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் கூட இருக்கிறவங்கதான் தோண்டணும்.

கேள்வி கேட்டவர்

கேட்டது அண்ணா. குடிலுக்குக் கிட்ட, சமதரையில. மந்தமா ஒரு "வும்", பனி ஒரு விரற்கடை இறங்கின மாதிரி. சமதரைதானே எண்டு விட்டிட்டன். எல்விஎஸ் மூண்டு பேரிட்டயும் இருந்தது, ஆனா இந்த மாரி ஒருக்காக்கூட தேடிப் பழகேல்லை.

பதில் 1

அப்ப விடை அங்கேயே கிடைச்சிட்டுது தம்பி. அந்தச் சத்தம் அடியில இருக்கிற சீனிப் பனிப்படை உடைஞ்ச சத்தம். வெடிப்பு சமதரையால ஓடி, மேல இருக்கிற சரிவையே இழுத்து விழுத்தும். குழி வெட்ட முதலே திரும்பியிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

விளங்குது அக்கா. நாளைக்குச் சாப்பாட்டு இடைவேளையில அவரிட்டச் சொல்லுறன், குழியைப் பற்றியில்லை, அந்தச் சத்தத்தைப் பற்றி. அவரும் கேட்டவர், என்னைத் திரும்பிப் பார்த்தவர். சனிக்கிழமை மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியில எல்விஎஸ் புதைச்சுத் தேடப் போறம்.