மணப்பாட்டில் சுக்கான் மாற்றிய அனுபவம்

சின்ன ரேஸ் படகில் சுக்கான் பலகையைப் பெரிதாக்கினால் காற்றில் பிடி நன்றாகக் கிடைக்குமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் அதைச் செய்து பார்த்தவன். அதில் கடலுக்குள் போய் மாட்டிக்கொண்டவனும்கூட. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் படகு பதினாலு அடி. மரைன் பிளைவுட்டில் செய்தது. பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று, இரண்டு பேர் ஓட்டுவது. சென்னையில் வேலை பார்த்த நாளில் பழைய படகாக வாங்கி, பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்தபோது லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இப்போது நிற்பது மணப்பாட்டில். கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில், சிலுவைக்கோயில் மணல்மேட்டுக்கு உள்பக்கமாகத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பழகுவதற்கு நம் பக்கத்தில் அதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கவில்லை. நாலு படகு சேர்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மிதவை போட்டு எங்களுக்குள் போட்டி வைத்துக்கொள்வோம்.

மாசி, பங்குனியில் படகில் ஒரு குறையும் தெரியாது. ஆனி பிறந்து, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்ற ஆரம்பித்ததும் தொல்லை தொடங்கிவிடும். படகு மூக்கைக் காற்றுப் பக்கமே திருப்பிக்கொண்டு நிற்கும். அதை நேராக வைக்க, சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். திடீரென்று ஒரு வீச்சு வந்து படகு சாய்ந்தால் போச்சு, சுக்கான் பிடியே இல்லாமல் படகு சுழன்று காற்றுக்கு நேரே நின்றுவிடும். மற்றவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பலகை சின்னது, அதனால்தான் பிடிக்கவில்லை என்று நானாகவே முடிவு செய்தேன். பைபர் வள்ளங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் கொடுத்து, அடியில் 12 சென்டிமீட்டர் பிளைவுட்டை ஒட்டுப்போட்டு நீட்டி, மேலே கண்ணாடியிழை மேட்டும் ரெசினும் பூசி வாங்கினேன். அவர்கள் வேலையில் தப்பு சொல்ல மாட்டேன், நான் கேட்டதைத்தான் செய்து கொடுத்தார்கள். லேசான காற்றில் படகு நன்றாகவே திரும்பியது. காற்று ஏறியதும் டில்லர் முன்னைவிடக் கனத்தது.

ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது தெரியும். தண்ணீரில் பலகை மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. 0.15 சதுர மீட்டர் பலகையை 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகத்தில் ஓரளவு திருப்பினாலே பக்கவாட்டில் முப்பது கிலோவுக்கு மேல் தள்ளும். நான் பலகையையும் பெரிதாக்கினேன், நீளத்தையும் கூட்டினேன். அந்தக் கூடுதல் பாரம் முழுவதும் டில்லரிலும், பின்பலகையில் சுக்கானைத் தாங்கும் வளையங்களிலும்தான் போய் இறங்கியது.

அந்த ஆனியிலேயே ஒருநாள் கழிமுகத்தை விட்டு வெளியே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தோம். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று நம் கரையில் கடலைப் பார்த்துத் தள்ளும் காற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வீச்சில் படகு சாய்ந்தது, டில்லரை இழுத்தேன். 'படக்' என்று ஒரு சத்தம். கீழ் வளையத்தின் இரண்டு திருகாணிகளும் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. சுக்கான் மேல் வளையத்தில் மட்டும் தொங்கி ஆடியது. அதைக் கழற்றிப் படகுக்குள் போட்டேன். இனி கரைக்கு வர வேண்டும் என்றால் காற்றுக்கு எதிரே வர வேண்டும், கையில் சுக்கான் இல்லை.

சென்னையில் பழகியபோது சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படகைக் காற்று வரும் பக்கம் சாய்த்தால் மூக்கு காற்றை விட்டு விலகும். எதிர்ப்பக்கம் சாய விட்டால் காற்றைப் பார்த்துத் திரும்பும். பெரிய பாயை இழுத்தால் காற்றை நோக்கிப் போகும், முன்பாயை இழுத்தால் விலகும். நானும் கூட வந்த நண்பனும் பேசாமல் உடம்பை மட்டும் அப்படியும் இப்படியும் நகர்த்தினோம். முதலில் படகு கோணல்மாணலாகப் போனது. பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. பாதித் தூரம் அப்படியே வந்தோம். அதற்குள் வலையோடு திரும்பிய ஒரு பைபர் படகு எங்களைப் பார்த்துக் கயிறு வீசியது.

கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. சுக்கான் இருந்தபோது இரண்டு கையால் மல்லுக்கட்டிய படகு, சுக்கான் இல்லாமல் பாயையும் சாய்வையும் சரியாக வைத்ததும் நேராக வந்தது எப்படி?

இழுத்து வந்த படகுக்காரரின் மாமனார் தூத்துக்குடியில் ஓடாவியாக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளைக் கட்டியவர். மருமகன் சொல்லி, அடுத்த வாரம் என் படகைப் பார்க்க வந்தார். கழன்ற சுக்கானை எடுத்து நீட்டினேன். அதைக் கையில்கூட வாங்கவில்லை. மணலில் வைத்தே பாயை ஏற்றச் சொன்னார். இருபது அடி தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்தார்.

"தம்பி, பாய்மரம் பின்னால சாஞ்சு கிடக்கு பாத்தீங்களா? பாயி பின்பக்க அமரத்தைத் தள்ளுது, மூக்கு காத்தைப் பாத்துத்தான் திரும்பும். சுக்கான் என்ன செய்யும், இழுத்துப் பிடிச்சிக்கிட்டே கிடக்கும்."

அப்புறம் சுக்கானை மாட்டச் சொல்லி, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி சுக்கான் மாட்டித் திரும்பும் ஊசிக்கு நேரே தொங்கவிட்டார். பலகை நேராக நிற்கவில்லை. அடிமுனை ஆறு விரல் பின்னால் தள்ளி இருந்தது. பலகையைக் கீழே இறக்கி நிறுத்தும் கட்டை தேய்ந்தும், கயிறு தளர்ந்தும் அப்படி ஆகியிருக்கிறது. நான் அதைப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆறு விரல் என்பது கிட்டத்தட்ட 10 டிகிரி. பலகை மேல் தண்ணீர் தள்ளும் மையம் அதனால் 7 சென்டிமீட்டர் பின்னால் போய்விடுகிறது. நேராக நின்றால் அந்த மையம் ஊசியிலிருந்து 8 சென்டிமீட்டர், சாய்ந்து நின்றால் 15. கையில் வரும் கனம் ஏறக்குறைய இரட்டிப்பு! அதற்கு மேல்தான் நான் நீளத்தையும் கூட்டியிருந்தேன்.

ஓடாவி சொன்னது இவ்வளவுதான்: மரத்தை நிமிர்த்து, சுக்கானை நிமிர்த்து, புதுசு செய்வதற்கு முன்னால் இதையே ஒருதரம் ஓட்டிப் பார். ஒட்டுப்போட்ட நீளத்தை வெட்டி எடுத்தேன். பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியைச் சுருக்கி அதன் உச்சியை ஒரு சாண் முன்னால் கொண்டுவந்தேன். கட்டைக்கு ஒரு துண்டு ஒட்டினேன். வளையங்களுக்கு உள்பக்கம் கட்டை வைத்து, திருகாணிக்குப் பதில் முழுவதும் ஊடுருவும் போல்ட் போட்டேன். ஊசிக்கும் வளையத்துக்கும் நடுவே இருந்த ஆட்டத்துக்கு நைலான் வாஷர். செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். அடுத்த ஞாயிறு அதே காற்று, டில்லரை ஒரு கையில் இரண்டு விரலால் பிடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

சரி, இவ்வளவும் சரியான பிறகு புதுப் பலகை ஒன்றை ஏன் செய்தேன்? பட்டறையில் பூசியது பாலியஸ்டர் ரெசின். அது பைபரோடு பைபர் நன்றாக ஒட்டும், மரத்தில் அவ்வளவாக நிற்காது. ஆறு மாதத்தில் ஓரத்தில் தோல் உரிந்து உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. இன்னொன்று, என் பழைய பலகை தட்டையானது. 18 மில்லி பிளைவுட், ஓரம் மட்டும் உருட்டியது. கொஞ்சம் அதிகமாகத் திருப்பினாலே தண்ணீர் பலகையை விட்டுப் பிரிந்துவிடும், அப்போதுதான் பிடி போகிறது. இறக்கை வடிவத்தில் செதுக்கிய பலகை அதைவிட அதிகக் கோணம் வரை தாங்கும்.

இதில் எனக்குக் கை கொடுத்தவர் வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். காற்றாலை இறக்கைகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பழுதுபார்ப்பவர். படத்தைக் காட்டியதும், "அண்ணாச்சி, இது எங்க இறக்கைதான். ரெண்டு பக்கமும் ஒரே வளைவு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

வடிவம் நாகா (NACA) 0012, அமெரிக்க வானூர்தி ஆய்வு அமைப்பு ஒன்று வகுத்த இறக்கை வெட்டுமுகம். 1933-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வறிக்கையிலேயே இருக்கும் பழைய வடிவம்தான். அகலத்தில் 12 சதவீதம் தடிமன், அதிகத் தடிமன் முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்தில். என் பலகை அகலம் 20 சென்டிமீட்டர். அப்படியானால் முன்விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டரில் தடிமன் 18.7 மில்லி, 6-இல் 24, 10-இல் 21.2, 14-இல் 14.7. இந்த அளவுக்குக் கெட்டி அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டேன்.

மரம், எங்கள் பழைய வீட்டுத் தேக்கு ஜன்னல் சட்டம். 3 சென்டிமீட்டர் பட்டைகளாக அறுத்து, ஒன்று விட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினோம். ஒரு பட்டை வளையப் பார்த்தால் அடுத்தது தடுக்கும். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்கு முன்னால் அசிட்டோன் போட்டுத் துடைக்காவிட்டால் பசை நிற்காது. மேலே எபாக்சியும் சதுர மீட்டருக்கு 200 கிராம் கண்ணாடியிழைத் துணியும், பக்கத்துக்கு இரண்டு அடுக்கு. பலகையைப் பிடித்திருக்கும் சுக்கான் தலையிலிருந்து பலகை வெளியே வரும் இடத்தில்தான் வளைக்கும் விசை அதிகம், அங்கே இன்னும் இரண்டு பட்டை.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் எபாக்சியை மொத்தமாகக் கலக்காதீர்கள். நான் மதியம் கால் கிலோ கலந்தேன். ஐந்து நிமிஷத்தில் டப்பா கையில் சுட்டுப் புகைய ஆரம்பித்தது. அதற்கப்புறம் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து நூறு நூறு கிராமாகத்தான் கலந்தோம்.

உப்புத்தாள் வேலையை மறக்கவே முடியாது. கையால் தேய்த்தால் பள்ளம் விழும் என்று, அரை மீட்டர் நீளக் கட்டையில் தாளை ஒட்டித் தேய்க்கச் சொன்னார் அந்தத் தம்பி. மேலே பென்சிலால் கிறுக்கிவிட்டுத் தேய்க்க வேண்டும். கிறுக்கல் போகாத இடம் பள்ளம். இரவில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் படுக்கைவாட்டில் பிடித்தார். பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த இடத்தில் வரப்பு வரப்பாக நிழல் விழுந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை முன்விளிம்பிலிருந்து மெதுவாக இழுத்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கே" என்றார். அட்டையை வைத்துப் பார்த்தேன். அரை மில்லி மேடு.

புதுப் பலகையின் முன்விளிம்பை ஊசிக்கு 1.5 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன். இன்னும் தள்ளினால் டில்லர் கனமே இல்லாமல் லேசாகிவிடும், படகு என்ன சொல்கிறது என்று கைக்கே தெரியாது. மேலும் தள்ளினால் சுக்கான் தானாகவே ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

முதல் ஓட்டத்தில் 5 நாட்டுக்கு மேல் பலகை 'ம்ம்ம்' என்று பாட ஆரம்பித்தது, டில்லர் உதறியது. பின்விளிம்பை 4 மில்லியில் உருட்டி விட்டிருந்தேன். அதில் தண்ணீர் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழன்று பிரிவதால் வரும் உதறல் அது. 2 மில்லியாக்கி, ஒரு பக்கம் மட்டும் 30 டிகிரி சரிவாகத் தேய்த்ததும் நின்றுவிட்டது.

லேசர் என்ற ஒற்றையாள் பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் இதில் எதையும் செய்ய வேண்டாம். இப்போது ஐஎல்சிஏ என்று பெயர் மாறிய அந்தப் போட்டி வகுப்பில் பலகை வடிவத்தைத் தொடவே விதி விடாது. சென்னை வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியதும் அந்த வகைதான், எல்லோருக்கும் ஒரே சுக்கான். நீங்கள் செய்யக்கூடியது பலகை முழுக்க நேராக இறங்குகிறதா என்று கயிறு கட்டிப் பார்ப்பது, ஆட்டத்தைக் குறைப்பது. என் படகு எந்த வகுப்பிலும் இல்லாததால் எனக்குக் கேட்பார் இல்லை.

கேட்ட இருவருக்கும்: தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பாய் ஏற்றிய நிலையில் எடுங்கள், மரத்தின் சாய்வும் தெரிய வேண்டும். அதைப் பார்த்த பிறகு பலகையைப் பற்றிப் பேசலாம். அட்டை மாதிரி என்னிடம் இருக்கிறது, மணப்பாட்டுக்கு வந்தால் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஆனி பிறப்பதற்குள் வாருங்கள்.