மறு: எக்ஸைட்டானுக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

நாகமலையாள் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். செப்பு ஹேலைடு (செம்பு குளோரின், புரோமின் போன்றவற்றோடு சேர்ந்த சேர்மம்) மென்படலங்களின் ஒளியியல் பண்புகள் பற்றித் தமிழ்வழி இளநிலை மாணவர்களுக்கு ஓர் ஆய்வகக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சிம்மக்கல் அச்சகக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார். குறைக்கடத்தி, மென்படலம், நிறமாலை எல்லாம் பழகிய சொற்கள். மாட்டிக்கொண்டது எக்ஸைட்டானில்.

ஒளி பட்டதும் எலக்ட்ரான் மேல் ஆற்றல் பட்டைக்குத் தாவுகிறது, கீழே அது விட்டுப்போன காலியிடம், அதாவது துளை, மிஞ்சுகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே திரியும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். வேறு பொருளாக இருந்தால் அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம். காலியம் ஆர்சனைடில் பிணைப்பாற்றல், அதாவது இணையைப் பிய்க்கத் தேவையான ஆற்றல், 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுதான். அறை வெப்பம் தருவது 26, பிய்த்துவிடும். செப்பு ஹேலைடுகளில் ஒன்றான குப்ரஸ் குளோரைடிலோ அது சுமார் 190. படலத்தைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து உட்கவர் நிறமாலை எடுத்தால், புறஊதா ஓரத்தில் இரண்டு முகடுகள் அடுத்தடுத்து நிற்கும். அவற்றைக் காட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவது? 'கிளர்வன்' போதுமா?

திருமங்கலத்தார்:

அம்மா, 'அன் ஆன் இறுமொழி ஆண்பால் படர்க்கை' என்பது நன்னூல். உயிரே இல்லாத ஒன்றுக்கு எதற்கு மீசை? ஏற்கெனவே ஒளித்துகளான போட்டானுக்கு 'ஒளியன்' என்று வைத்து, அது வகுப்பில் மொழியியலாரின் 'ஒலியன்' (பேச்சொலியின் அடிப்படை அலகு) ஆகிவிட்டது. அப்புறம், ஹாலஜனுக்கு 'உப்பீனி' இருக்க ஹேலைடு ஏன்?

மேலூரான்:

ஐயா, ஓணானும் தட்டானும் எந்தத் திணை? நண்டை 'அலவன்' என்றது சங்கப் புலவர்கள்தானே? உப்பீனி விஷயம்: பையன்கள் வினாத்தாளில் ஹேலைடு என்றுதான் பார்க்கப்போகிறார்கள். 'செப்பு உப்பீனி' என்றால் நாட்டுமருந்துக் கடையில் கேட்பார்கள். என் ஓட்டு 'எக்ஸைட்டான்' அப்படியே. தமிழ்தான் வேண்டும் என்றால் 'கிளர்மின்னி'.

திருமங்கலத்தார்:

ஓணானுக்குப் பழைய வடிவம் ஓந்தி, ஓதி. அதில் 'ஆன்' எப்போது ஒட்டியது என்பது தனி ஆராய்ச்சி. தட்டான் வேறு கதை, அது பொற்கொல்லர் பெயரா பூச்சிப்பெயரா என்றே முதலில் தீர்க்க வேண்டும். சரி, அதை விடுங்கள். பொருள் இணையைப் பற்றியது என்றால் நம்மிடம் இல்லாத இணையா? குறுந்தொகை 57இல் நடுவே ஒரு பூ வந்தாலே ஓராண்டு பிரிந்தது போலத் துடிக்கும் மகன்றில் என்ற நீர்ப்பறவை இணை வருகிறது. 'மகன்றி' என்று வைத்துவிடுங்கள். சுருக்கமாகவும் இருக்கும்.

நாகமலையாள்:

ஐயா, மகன்றில் அழகு. ஆனால் மகன்றிலுக்குச் சேர்ந்தால் சுகம். இங்கே எலக்ட்ரானும் துளையும் முழுசாகச் சேர்ந்துவிட்டால் இரண்டுமே காலி, மிஞ்சுவது ஒளி. வகுப்பில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

தம்பி, 'கிளர்மின்னி' ஆகவே ஆகாது. எதிர்மின்னி, நேர்மின்னி வரிசையில் வைத்து இதையும் மின்சுமை உள்ள துகள் என்று எடுத்துக்கொள்வார்கள். இதற்கு நிகர மின்சுமை கிடையாது. படலத்துக்குள் ஓடும், ஆற்றலைச் சுமக்கும், ஆனால் மின்னோட்டம் தராது.

என் கையேட்டில் பாதி நுண்படிகங்கள் பற்றியது. 1981இல் எகிமோவ் கண்ணாடிக்குள் குப்ரஸ் குளோரைடு நுண்படிகங்களைப் பார்த்தாரே, பிற்பாடு 2023 வேதியியல் நோபலில் பங்கு பெற்ற அதே வேலை. கண்ணாடியைச் சூடேற்றும் வெப்பநிலையும் நேரமும் மாற மாறப் படிகத்தின் அளவு மாறியது. சிறுக்கச் சிறுக்க முகடு நீலப்பக்கம், அதாவது ஆற்றல் கூடிய பக்கம், நகர்ந்தது. ஏன் என்பதில்தான் நம் சொல்லுக்கு வேலை. காட்மியம் செலினைடில் இந்த இணையின் ஆரம் சுமார் 5 நானோமீட்டர். சின்னப் படிகத்துக்குள் அது அடங்காது, எலக்ட்ரானும் துளையும் தனித்தனியாகச் சுவரில் நெருக்குப்படும். குப்ரஸ் குளோரைடில் ஆரம் 0.7 நானோமீட்டர்தான். சில நானோமீட்டர் படிகத்துக்குள்ளும் இணை குலையாது. அடைபடுவது இணை மொத்தமும். ஆகவே பெயரில் 'இணை' இருந்தே தீர வேண்டும். 'கிளர்வன்' என்று நானே கேட்டேன், அதில் இணை இல்லை. 'கிளரிணை' என்றால்?

மேலூரான்:

அக்கா, நம் ஊரில் ரகர றகரத்துக்கு ஏது வித்தியாசம்? 'கிளறிணை' என்று எழுதி அல்வாவில் கொண்டுபோய் விடுவான். இன்னொன்று, இரண்டு எக்ஸைட்டான் சேர்ந்தால் 'இருகிளரிணை', சரி. இரண்டு எலக்ட்ரானும் ஒரு துளையும் சேர்ந்த ட்ரையானுக்கு? மூன்று பேர் இருந்தால் அது இணையா?

பரவைக்காரி:

மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவள் என்ற முறையில்: ட்ரையான் கையேட்டில் வருகிறதா? வரவில்லை என்றால் அதை அது வரும்போது பார்க்கலாம். கிளரிணைக்கு என் ஓட்டு.

விளாங்குடியார்:

எனக்கும் கிளரிணை. இழை நீண்டுகொண்டே போகிறது.

நாகமலையாள்:

ட்ரையான் வரவில்லை. முதல் முறை 'எக்ஸைட்டான் என்னும் கிளரிணை', அப்புறம் முழுக்கக் கிளரிணை. ஹேலைடு ஹேலைடாகவே இருக்கிறது. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. அனைவருக்கும் நன்றி.

மேலூரான்:

நான் வகுப்பில் எக்ஸைட்டான் என்றுதான் சொல்வேன். பதிவில் இருக்கட்டும்.

திருமங்கலத்தார்:

ஒரே ஒரு ஐயம். 'கிளரிணை' வினைத்தொகை. இணை தானாகக் கிளர்கிறதா, ஒளி அதைக் கிளர்த்துகிறதா? பின்னது என்றால் 'கிளர்த்திணை' அல்லவா வர வேண்டும்? உப்பீனிக்குத் தனி இழை தொடங்குகிறேன். இரண்டாம் பதிப்புக்குள் முடித்துவிடலாம்.