சேகா மாஸ்டர் சிஸ்டம் 2: பெட்டிக்குள்ளேயே இருந்த கேம் எது?

டூட்டிங் தாரணி:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பரில் அண்ணாவுக்கு 45 வயது நிறைகிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்த, டிவியில் மாட்டி விளையாடும் சேகா மாஸ்டர் சிஸ்டம் கேம் பெட்டி மாதிரியே ஒன்றைத் தேடி வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். பரிசு என்று சொல்லாமல் அவனிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அங்கேதான் வினை. பெட்டியோடு என்ன கேம் வந்தது என்பதில் எனக்கும் அவனுக்கும் ஒரு பொருத்தமும் இல்லை.

அப்பா அப்போது பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை. 1992 ஆக இருக்கலாம். கூட வேலை செய்தவர் தன் மகனுக்கு சேகாவின் அடுத்த பெட்டியான மெகா டிரைவ் வாங்கியதும் பழையதை அப்பாவிடம் தந்துவிட்டார். அட்டைப்பெட்டி இல்லை, விளக்கப் புத்தகம் இல்லை. ஒரு சூப்பர்மார்க்கெட் பைக்குள் எல்லாம் கிடந்தது: கறுப்புப் பெட்டி, இரண்டு பேட், வயர்கள், சோனிக், அவுட் ரன் என்று சில கேசட்டுகள். ஆகவே எது கடையில் சேர்த்துக் கொடுத்தது, எது அந்த மாமா தனியாகக் காசு கொடுத்து வாங்கியது என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

என் நினைவு இது. கேசட் போடாமல் ஆன் செய்தால் அலெக்ஸ் கிட் வரும். பெரிய காது, சிவப்பு உடுப்பு. முதல் கட்டத்தில் மலையிலிருந்து கீழே இறங்கி இறங்கிப் போய்த் தண்ணீருக்குள் விழ வேண்டும். முஷ்டியால் கல்லை உடைத்தால் காசுப் பை. மண்டையோடு போட்ட கட்டியை உடைத்தால் பேய் துரத்தும். சில கட்டங்களின் முடிவில் ஒரு பெருந்தலையனோடு கல், கத்தரி, காகிதம் விளையாட வேண்டும். தோற்றால் உயிர் போச்சு. கட்டம் முடிந்ததும் அலெக்ஸ் ஒரு பேர்கர் சாப்பிடுவான்.

அண்ணா சொல்வது வேறு. அது பேர்கரே இல்லையாம், கறுப்புப் பட்டி சுற்றிய சோற்று உருண்டையாம். சோனிக்கும் பெட்டிக்குள்ளேயே இருந்ததாம். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. துவக்கால் வாத்து, முயல் சுடுகிற கேம் ஒன்றும் உள்ளேயே இருந்தது என்று சத்தியம் செய்கிறான். எங்கள் வீட்டில் துவக்கே இருந்ததில்லை! பிறகு எதால் சுட்டான் என்று கேட்டால் "நீ அப்ப சின்னப் பிள்ளை" என்கிறான். எல்லா அண்ணன்மாரும் இந்த வசனத்தை எங்காவது கூடிப் பேசி வைத்திருக்கிறார்களா?

எனக்கு இன்னொன்றும் நன்றாக ஞாபகம். சோனிக் கேசட் சரியாக உட்காராவிட்டால் அலெக்ஸ் வந்து நிற்பான். அண்ணா கத்திக்கொண்டே கழற்றி, ஊதி, மறுபடி போடுவான்.

விற்பனைத் தளங்களில் பார்த்தால் உள்ளே அலெக்ஸ் கிட், உள்ளே சோனிக், உள்ளே ஹாங் ஆன் என்று விதவிதமாகப் போட்டிருக்கிறார்கள். எதை வாங்க?

ஹாரோ சோல்டர்:

தங்கச்சி, உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. கடைசிக்கு முந்தின பத்தி.

மாஸ்டர் சிஸ்டத்தின் பலகையில் ஒரு சின்ன நிரல் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும். பெட்டியை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது அதுதான். கேசட் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதற்கு வழி விடும், இல்லையென்றால் அதே சிப்பில் இருக்கும் கேமைத் தொடங்கும். கேசட்டின் முனைகள் சரியாகத் தொடாவிட்டால் பெட்டியைப் பொறுத்தவரை கேசட்டே இல்லை என்றுதான் அர்த்தம். சோனிக் உட்காராதபோது அலெக்ஸ் வந்தான் என்றால் உங்கள் பெட்டிக்குள் இருந்தது அலெக்ஸ்தான். சோனிக் உள்ளே இருந்திருந்தால் சோனிக் போக மறுத்ததும் இன்னொரு சோனிக் அல்லவா வந்திருக்க வேண்டும்? அண்ணாவின் முதல் கட்சி இதோடு முடிந்தது.

ஆனால் அவர் காற்றில் பிடித்து அந்தக் கதையைச் சொல்லவில்லை. இரண்டாவது மாடலான மாஸ்டர் சிஸ்டம் 2 வந்தது 1990 இல். அப்போது சேகாவின் முகம் அலெக்ஸ் கிட். அடுத்த வருடமே சோனிக் வந்து அவன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் பின்னால் வந்த பெட்டிகளில் அலெக்ஸுக்குப் பதில் சோனிக்கை உள்ளே வைத்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், கேசட் இல்லாமல் ஆன் செய்து ஒரு வீடியோ கேளுங்கள்.

துவக்குக் கேம் சஃபாரி ஹன்ட். முதல் மாடல் காலத்தில் மாஸ்டர் சிஸ்டம் பிளஸ் என்று ஒரு பெட்டி விற்றார்கள். அதில் லைட் ஃபேசர் துவக்கும், உள்ளேயே ஹாங் ஆன் பைக் ரேஸும் சஃபாரி ஹன்டும் இருக்கும். அண்ணா சொல்லும் வாத்து, முயல் எல்லாம் அதில் உண்டு. உங்களுடையது அந்த மாடலா என்று பார்க்க இவற்றைச் சொல்லுங்கள்: முன்பக்கம் கார்டு செருகும் மெல்லிய துளை இருந்ததா? பெட்டி மேல் பாஸ் பட்டன் மட்டுமா, ரீசெட்டும் உண்டா? ஆன் செய்ததும் சேகா பெயர் வந்ததா, நேரே கேமா? கார்டுத் துளையும் ரீசெட்டும் முதல் மாடலில் இருந்தன. இரண்டாவதில் செலவைக் குறைக்க இரண்டையும் எடுத்துவிட்டார்கள், தொடக்க லோகோவையும் சேர்த்து.

பேர்கர் விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்! 1986 இல் வந்த அலெக்ஸ் கிட் கேசட்டில் அவன் சாப்பிடுவது ஒனிகிரி, அதாவது ஜப்பான்காரரின் சோற்று உருண்டை. மாஸ்டர் சிஸ்டம் 2 க்குள் வைத்தபோது அதைப் பேர்கராக மாற்றினார்கள். குதிக்கிற பட்டனையும் குத்துகிற பட்டனையும்கூட இடம் மாற்றிவிட்டார்கள். கேசட்டில் பழகியவர் உள்ளிருக்கும் கேமை விளையாடினால் முதல் பள்ளத்திலேயே குத்திக்கொண்டு விழுவார். ஆகவே வீட்டில் யாராவது மூன்றாவது ஆளிடம் கேளுங்கள், பேர்கரா சோறா என்று.

மதுரை வெங்கி:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊரில் சேகா எல்லாம் பணக்கார வீட்டுச் சமாச்சாரம். எங்களுக்கு டிவி கேம் என்றால் நின்டெண்டோ ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த போலிப் பெட்டிதான். அதோடு வரும் கேசட்டில் 9999999 கேம் என்று போட்டிருக்கும். ஓர் இரவு முழுக்க லிஸ்டைத் தள்ளிக்கொண்டே போனால், மாரியோ, சர்க்கஸ், ரோடு ஃபைட்டர், டாங்க், வாத்து என்று கொஞ்சம்தான் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் வேறு கட்டத்திலிருந்து. காரணம் பின்னால்தான் தெரிந்தது. 1983 முதல் 1985 வரை வந்த கேம்களில் பலவும் 24 அல்லது 40 கிலோபைட்டுக்குள் அடங்குபவை. கேசட்டில் வேறு எந்தச் சிப்பும் தேவையில்லை. ஒரே சிப்பில் வரிசையாக அடுக்கிவிடலாம். எந்த ஊர்க்காரனிடம் கேட்டாலும் அதே கேம்களின் பெயரைச் சொல்வது அதனால்தான். எங்களிடம் "என்ன கேம் கூட வந்தது" என்று சண்டையே வராது.

டூட்டிங் தாரணி:

வெங்கி, 9999999 என்று வாசித்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சோல்டர் அண்ணா, வீட்டில் விசாரணை நடத்திவிட்டேன். ஆல்பத்தில் ஒரு படம் கிடைத்தது. கார்பெட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் பெட்டி. முன்பக்கம் துளை ஒன்றும் இல்லை, மழமழவென்று இருக்கிறது. பட்டன் படத்தில் தெரியவில்லை. ஆன் செய்ததும் நேரே அலெக்ஸ் என்பது என் நினைவு, அண்ணாவும் இதை மறுக்கவில்லை.

மூன்றாவது ஆளாக அம்மாவைக் கேட்டேன். முன்கூட்டி எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. "அந்தக் காதுப் பெடியன் முடிவிலே என்ன சாப்பிடுவான், ஞாபகம் இருக்கா?" என்றேன். யோசிக்கவே இல்லை, "பணிஸ்" என்றா. "நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிட வராமல் இருந்ததுக்கு அவன் பணிஸ் சாப்பிடுறதைப் பார்த்துக்கொண்டு இருந்தனான்" என்று கூடவே ஒரு திட்டு.

பணிஸ் என்றால் பேர்கர்தானே. சோற்று உருண்டையை எந்தத் தாயும் பணிஸ் என்று சொல்ல மாட்டா.

பிறகு அண்ணாவை மடக்கினேன். துவக்கை எந்த அறையில் வைத்துச் சுட்டாய், சோபா எந்த நிறம் என்று. பச்சை சோபா என்றான். எங்கள் வீட்டில் பச்சை சோபா எப்போதும் இருந்ததில்லை. அது எதிர் வரிசையில் இருந்த அவனுடைய சிநேகிதன் வீடு. அந்த வீட்டுப் பெட்டியில்தான் துவக்கு இருந்திருக்கிறது, அலெக்ஸ் கிட் கேசட்டும் அவர்களிடம் இருந்தது. சோறும் வாத்தும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை!

ஹாரோ சோல்டர்:

அம்மாவுக்கு என் வணக்கம். வழக்கு முடிந்தது: மாஸ்டர் சிஸ்டம் 2, உள்ளே அலெக்ஸ் கிட்.

அந்தச் சிநேகிதனின் பெட்டியைப் பற்றி ஒன்று. சில பழைய முதல் மாடல்களில் கேசட் இல்லாமல் ஆன் செய்து, மேல் திசையையும் 1, 2 பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் ஒளித்து வைத்த நத்தை விளையாட்டு ஒன்று வரும். ஒரு நத்தை, ஒரு புதிர்ப்பாதை, நேரம் ஓடும், அவ்வளவுதான். விளம்பரத்திலே இல்லாத இலவசம். பிரேசிலில் இந்த இலவசத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். அங்கே டெக்டாய் நிறுவனம் மாஸ்டர் சிஸ்டத்தை விடாமல் விற்றுக்கொண்டே வந்தது. அவர்களின் எவல்யூஷன் பெட்டிக்குள் 132 கேம். வெங்கியின் கேசட் போல இல்லை, எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

லாசப்பல் குமரன்:

தாரணி அக்கா, வாங்குவதற்கு முன் டிவியைப் பற்றி யோசித்தீர்களா? உங்கள் நாட்டு மாஸ்டர் சிஸ்டம் 2 இல் ஆன்டெனா வழி வெளியீடு மட்டும்தான். முதல் மாடலில் இருந்த, படத்தையும் ஒலியையும் நேரே டிவிக்கு அனுப்பும் ஏவி சாக்கெட்டை எடுத்துவிட்டார்கள். இன்றைய டிவியில் அனலாக் டியூனர் இருந்தால் சேனல் தேடிப் பிடிக்கலாம், ஆனால் படம் மணல் கொட்டியது போல வரும். இங்கே பிரான்ஸில் விற்றதில் கதை தலைகீழ். பின்பக்கம் வட்ட ஏவி சாக்கெட் இருக்கும், ஸ்கார்ட் (ஐரோப்பாவின் பழைய டிவிகளில் இருக்கும் அகலமான இணைப்பு) வயர் போட்டால் நிறம் பளிச்சென்று இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது உள்ளே சோனிக் வைத்தது. மெகா டிரைவ் சோனிக் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்தேன். பிரிட்ஜ் ஜோன் பற்றிச் சொன்னதும் மெகா டிரைவ் வைத்திருந்தவன் சிரித்தான். அது 8 பிட் சோனிக்கில், அதாவது மாஸ்டர் சிஸ்டம் மாதிரிப் பழைய வகைப் பெட்டிகளுக்குச் செய்த சோனிக்கில் மட்டும் உள்ள இடம்.

அலெக்ஸ் உள்ளே இருக்கிற பிரெஞ்சுப் பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள். கேம் அதேதான், பணிஸ் உட்பட.

ஹாரோ சோல்டர்:

குமரன் சொல்வது சரி. கூடவே இரண்டு சொல்கிறேன். அடாப்டர் இல்லாமல் பெட்டி மட்டும் கிடைத்தால் பயப்பட வேண்டாம், மெகா டிரைவ் முதல் மாடலின் அடாப்டர் இதற்கும் பொருந்தும். கண்ட அடாப்டரைச் செருகாதீர்கள். இதன் முனையில் நடுப்பகுதி எதிர்மின், பொதுவாகக் கடையில் விற்பவை அதற்கு நேர்மாறு. மற்றது, கேசட்டை ஊதாதீர்கள். வாயின் ஈரம் முனைகளை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். அண்ணாவிடமும் சொல்லி வையுங்கள், அவர் பழக்க தோஷத்தில் ஊதத்தான் பார்ப்பார்.

டூட்டிங் தாரணி:

குமரன் சொன்ன மாதிரியே லியோனிலிருந்து ஒன்று கிடைத்துவிட்டது. விற்பவரிடம் கேசட் இல்லாமல் ஓடும் வீடியோ கேட்டேன், அனுப்பினார். மலை, காசுப் பை, கடைசியில் பேர்கர், எல்லாம் இருக்கிறது. அடாப்டரும் அவரே தருகிறார். ஆனால் அது பிரெஞ்சு பிளக், அதற்கு இங்கே மாற்றி வாங்க வேண்டும். ஸ்கார்ட் உள்ள பழைய டிவி ஒன்று சித்தப்பா வீட்டு மேல்மாடத்தில் இருக்கிறது, அவர் தருவதாகச் சொல்லிவிட்டார்.

சோனிக் கேசட் எங்கேயும் மலிவாகக் கிடைக்கிறது. அவுட் ரன்னுக்கு மட்டும் விளக்கப் புத்தகத்தோடு நல்ல நிலையில் இருப்பது வேண்டும். லண்டனில் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி போடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.