வால்பாறை வளைவுல அம்மாவுக்குத் தலைசுற்றல்: எக்ஸ்3, ஜிஎல்சி, க்யூ5, எக்ஸ்சி60, இதுல எது ஆடாம ஓடும்?

நார்மில்காரன்:
வணக்கம்ங்க. பொள்ளாச்சியில தேங்காய் நார் மில் வச்சிருக்கேன். அம்மா வால்பாறையில இருக்காங்க, வயசு 71. முட்டி வைத்தியத்துக்கு மாசம் ரெண்டு தடவை கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போகணும். பிரச்சினை ஆழியார் ரோடுதான். 40 கொண்டை ஊசி வளைவு. இறங்க ஆரம்பிச்சு அட்டகட்டி வர்றதுக்குள்ள அம்மாவுக்கு வாயில தண்ணி ஊறிடும், முந்தானையை வாயில அழுத்திப் பிடிச்சுக்குவாங்க. போன தடவை 9-ஆவது வளைவு வியூ பாயிண்ட்ல நிறுத்தி, திட்டு மேல உட்கார வச்சு அரை மணி நேரம் காத்திருந்தோம். பத்தடி தூரத்துல வரையாடு மேஞ்சிட்டு இருந்துச்சு, எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. அம்மா தலையைத் தூக்கவே இல்லை. அன்னைக்கே வண்டி மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

இப்ப இருக்கிறது உயரமான ஏழு சீட்டர் டீசல், 1,15,000 கி.மீ. ஓடியிருக்கு. தலைப்புல இருக்கிற நாலையும், அதாவது பிஎம்டபிள்யூ எக்ஸ்3, மெர்சிடிஸ் ஜிஎல்சி, ஆடி க்யூ5, வால்வோ எக்ஸ்சி60, அவினாசி ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன். சமதளத்துல நாலுமே சுகமாத்தான் இருக்கு, எனக்கு வித்தியாசம் பிடிபடலை. 0-வில் இருந்து 100 கி.மீ. வேகத்துக்கு க்யூ5 6.1 நொடி, எக்ஸ்சி60 6.9, எக்ஸ்3 20டி 7.7, ஜிஎல்சி 220டி 8 நொடின்னு கம்பெனி சொல்லுது. எனக்கு அந்த வேகம் வேண்டாம். வளைவுல வண்டி அடங்கி நிக்கணும், பின்னாடி இருக்கிறவங்க வயித்தைப் புரட்டக் கூடாது. மலையில தினம் ஓட்டுறவங்க யாராவது சொல்லுங்க.

மலைரோடு:
தம்பி, வண்டியைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி நாலு கேள்வி. அம்மா எந்த சீட்டு? வளைவுக்குள்ள எவ்வளவு வேகத்துல போறீங்க? டயர்ல எத்தனை பாயிண்ட் காத்து? ஷாக் அப்சார்பர் எப்ப மாத்துனீங்க?

நார்மில்காரன்:
பின்சீட்டு இடது பக்கம்ங்கண்ணா. வேகம் 25 இருக்கும். காத்து 38 பாயிண்ட், டயர் கடைக்காரர் எப்பவும் அப்படித்தான் அடிப்பார். ஷாக் இதுவரைக்கும் மாத்துனதே இல்லை.

மலைரோடு:
1,15,000 கி.மீ. ஓடின உயரமான வண்டிக்கு ஷாக் மாத்தலைன்னா, பாதிப் பதில் அதுலயே இருக்கு. நாளைக்கே வண்டியைக் குழி மேல நிறுத்தி, பின் ஷாக்கோட தண்டுல எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பியிருக்கான்னு கையால தடவிப் பாருங்க. ஷாக் செத்துப்போன வண்டி வளைவுல ஒரு பக்கம் சாயும், நிமிரும்போது எதிர்ப் பக்கம் ஒரு ஆட்டம் போட்டுத்தான் நிக்கும். அது அடங்குறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும். அந்த ரெண்டாவது ஆட்டம்தான் வயித்தைப் புரட்டுறது. டிரைவருக்குத் தெரியாது, ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருக்கோம், எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு நம்ம உடம்புக்கு முன்னாடியே தெரியும். காத்தும் கதவுல ஒட்டியிருக்கிற அளவுக்குக் கொண்டு வாங்க.

கணக்குவாத்தியார்70:
வேகத்தைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும், ஏன்னா 20-க்கும் 25-க்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வளைவோட ஆரம் 12 மீட்டர்னு வச்சுக்குங்க. 20 கி.மீ. வேகத்துல போனா, உடம்பை வெளிப்பக்கம் தள்ளுற விசை எடையில சுமார் கால் பங்கு. 25-ல போனா ஐந்தில் ரெண்டு பங்கு. 5 கி.மீ. தான் கூடுது, தள்ளுறது ஒன்றரை மடங்கு ஆயிடுது. 40 வளைவுக்கு 20-ல போறதால ஆகுற தாமதம் ரெண்டு நிமிஷம் கூட வராதுங்க.

அம்மாவை முன்சீட்டுல உட்கார வையுங்க. கண்ணு ரோட்டைப் பார்த்தாத்தான் காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு சொல்றதும் கண்ணு சொல்றதும் ஒத்துப்போகும்.

குன்னூர்டீசல்:
இனி வண்டிக்கு வர்றேன். நாலும் 1.9 மீட்டர் அகலம், திருப்பு வட்டமும் 12 மீட்டரை ஒட்டித்தான். அதனால எதிர்ல பஸ் வந்தா நாலுக்கும் ஒரே கதிதான். வித்தியாசம் எஞ்சின் எங்க உட்கார்ந்திருக்குங்கறதுல இருக்கு. எக்ஸ்3, ஜிஎல்சி ரெண்டும் நீளவாக்குல எஞ்சின் வச்சு, பின்சக்கரத்தை அடிப்படையா வச்சுக் கட்டின வண்டி. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாப் பிரியும். க்யூ5-ல எஞ்சினும் நீளவாக்குதான், ஆனா முன் அச்சைத் தாண்டி முன்னாடி தொங்குது. எக்ஸ்சி60-ல குறுக்குவாக்குல இருக்கு, அது முன்சக்கரத்தை அடிப்படையா வச்ச வண்டி. இறக்கத்துல எடை தானாவே முன்னாடி சரியும். மூக்கு கனமான வண்டி அப்ப வளைவுக்குள்ள திரும்பக் கொஞ்சம் யோசிக்கும், டிரைவர் இன்னொரு தடவை ஸ்டீயரிங்கை ஒடிப்பார். பின்சீட்டுல இருக்கிறவங்களுக்கு அது ரெண்டு குலுக்கு.

ஏத்தத்துக்கு டீசல்தான் என் ஓட்டு. எஞ்சினோட இழுவை (டார்க்) ஜிஎல்சி 220டி-யில 440 நியூட்டன் மீட்டர், எக்ஸ்3 20டி-யில 400. ரெண்டுமே 2000 ஆர்பிஎம்முக்குள்ளேயே முழு இழுவைக்கு வந்துடும். கொண்டை ஊசியில இருந்து வெளிய வரும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டாப் போதும், கியர் ரெண்டு கீழ விழுந்து வெடுக்குன்னு இழுக்காது. க்யூ5 பெட்ரோலுக்கும் 370 இருக்கு, குறைச்சல் இல்லை. ஆனா ஊர்ந்து போற வேகத்துல அதோட டூயல் கிளட்ச் (ரெண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கிற) கியர்பாக்ஸை விட டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியா இழுவையைக் கடத்துற அமைப்பு) இருக்கிற மத்த மூணும் மெத்துன்னு நகரும்.

தேயிலைமேடு:
குன்னூர் அண்ணாவுக்கு மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. நான் எக்ஸ்சி60 வச்சிருக்கேன், ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. மூக்கு கனம்னு தாள்ல படிக்கிறது சரி. ஆனா 20 கி.மீ. வேகத்துல அது தெரியவே தெரியாது. 60, 70-ல அகலமான வளைவை எடுக்கிறவங்களுக்குத்தான் எடைப் பிரிவு பேசும். எங்க அப்பாவுக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆச்சு. தையல் பிரிச்ச வாரம் இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வந்தேன், உடைஞ்ச ரோட்டுல ஒரு தடவை கூட "அம்மா"ன்னு சொல்லலை. உங்க அம்மாவுக்கு முட்டி வலி வேற இருக்கு. குழியில விழுற அடியையும் கணக்குல எடுங்க.

குன்னூர்டீசல்:
நியாயம்ங்க, அந்த வேகத்துல எடைப் பிரிவு பெரிசாத் தெரியாதுங்கறதை ஒத்துக்கிறேன். குழிக்கு ஏர் சஸ்பென்ஷனை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனா தலைசுத்துறவங்களுக்கு மெத்தை மாதிரி மிதக்குறதும் ஆகாது, படகுல போற மாதிரி இருக்கும். சாய்வு வரலாம், அது மெதுவா வந்து ஒரே தடவையில நிக்கணும். டேம்பரோட, அதாவது ஷாக் அப்சார்பரோட, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருந்தா மலையில அதை இறுக்கமா வச்சு ஓட்டிப் பாருங்க. க்யூ5-லயும் டேம்பர் கன்ட்ரோல் இருக்கு.

இன்னொண்ணு, வாங்கப் போற வண்டியில ரன்-ஃப்ளாட் டயரான்னு கேட்டுக்குங்க. பஞ்சர் ஆனாலும் ஓடும், காட்டு ரோட்டுல தைரியம்தான். ஆனா பக்கச்சுவர் விறைப்பா இருக்கும், சின்னப் பள்ளம் கூட முட்டிக்குத் தெரியும். சக்கரம் ஒரு இஞ்ச் சின்னதாக் கிடைச்சா அதையே எடுங்க, டயர் தடிப்பா இருந்து அடியைத் தாங்கும்.

நார்மில்காரன்:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். மலைரோடு அண்ணா சொன்னது அப்படியே இருந்துச்சு. பின் ஷாக் ரெண்டுலயும் எண்ணெய் கசிஞ்சு, களிமண் அப்பின மாதிரி தூசி. நாலு ஷாக்கும் மாத்தி, காத்தை 33-க்குக் கொண்டு வந்து, அம்மாவை முன்சீட்டுல வச்சு, வளைவுக்கு 20-ஐத் தாண்டாம இறங்கினேன். ரெண்டாவது கியர்லயே விட்டுட்டேன், பிரேக்கை நேர் ரோட்டுலயே முடிச்சுட்டு வளைவுக்குள்ள போனேன். 9-ஆவது வளைவுல நானா நிறுத்தினேன். அம்மா இறங்கி நடந்து போய் ஆழியார் அணையைப் பார்த்தாங்க. இவ்வளவு நாளா இந்த வேலையைப் பார்க்காம அவங்களைத் தவிக்க விட்டுட்டேனேன்னு நெஞ்சு அடைச்சிருச்சு.

மலைரோடு:
சந்தோஷம் தம்பி. புது வண்டி எடுக்கறீங்களா, இல்லையா?

நார்மில்காரன்:
எடுக்கறேன்ங்கண்ணா, அவசரம்தான் போயிருச்சு. பெட்ரோல், டீசல் காசு நான் தர்றேன்னு ஷோரூம்ல சொல்லி, எக்ஸ்3 20டி, ஜிஎல்சி 220டி, எக்ஸ்சி60 மூணையும் ஆழியார்ல இருந்து 9-ஆவது வளைவு வரைக்கும் ஏத்தி இறக்கிப் பார்த்தேன். அம்மாவைப் பின்சீட்டுலதான் உட்கார வச்சேன், அதுதானே சோதனை. எக்ஸ்3-ல ஸ்டீயரிங் ஒரே திருப்புல நினைச்ச இடத்துக்குப் போகுது, மூணுல சாய்வு அதுலதான் கம்மி. எனக்கு அதை விட்டு இறங்க மனசே இல்லை. ஆனா ரோடு போட்டு ஒட்டுப் போட்ட இடத்துல அம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டாங்க. எக்ஸ்சி60-ல பள்ளமே தெரியலை. ஆறாவது வளைவுக்கு மேல கொஞ்சம் மிதக்குற மாதிரி இருக்குன்னாங்க, இறுக்கமா மாத்தினதும் சரியாப் போச்சு. ஜிஎல்சி ரெண்டுக்கும் நடுவுல. ஏத்தத்துல அது இழுக்கிறதே தெரியலை, இறக்கத்துல கியரைக் கையால குறைச்சு விட்டா அப்படியே பிடிச்சு நிக்குது, பிரேக்கை அதிகம் தொடவே இல்லை. அம்மா பேசிட்டே வந்தாங்க.

தேயிலைமேடு:
ஏறி இறங்கறது எப்படி இருந்துச்சுங்க? முட்டி வலி இருக்கிறவங்களுக்கு அதுவும் முக்கியம்.

நார்மில்காரன்:
நல்லாக் கேட்டீங்க. மூணுலயும் சீட்டு உயரம் அவங்க இடுப்புக்குச் சரியாத்தான் இருக்கு, பழைய வண்டி மாதிரி ஏற வேண்டியதில்லை. ஆனா ஜிஎல்சியில சைடு ஸ்டெப் போட்ட வண்டி ஒண்ணு நின்னுச்சு, அந்தப் படியில சேலை உரசிக் கரியாச்சு, கால் வைக்கவும் இடைஞ்சல். படி இல்லாத வண்டிதான் வேணும்னு சொல்லியிருக்கேன். அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி இருக்கு. அன்னைக்கு ஜிஎல்சியை முழு 40 வளைவுக்கும் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஓட்டிட்டு வந்து எழுதறேன்.